பியட் 1.3 மல்டிஜெட் எந்திரம்

பியட் 1.3 மல்டிஜெட் எந்திரம் என்பது, பியட், ஜெனரல் மோட்டார்ஸ் ஆகிய நிறுவனங்களின் கூட்டு முயற்சியில் உருவான, டர்போ ஊட்டி பொருத்தப்பட்ட, நான்கு உருளைகளைக் கொண்ட சிறிய டீசல் எந்திரம் ஆகும். இதன் உற்பத்தி 2003 ஆம் ஆண்டு போலந்து நாட்டில் தொடங்கியது. இந்தியாவில் 2007 முதல் 2020 வரை மாருதி சுசுகி, டாட்டா, பியட், செவ்ரோலெட் ஆகிய வணிகப் பெயர்களில் விற்பனையான பல மகிழுந்துகளில் இது பொருத்தப்பட்டது. ஒரே எந்திரம் இத்தனை நிறுவனங்களின் வண்டிகளில் இடம்பெற்றமையால் தானுந்து இதழாளர்கள் இதனை "இந்தியாவின் தேசிய டீசல் எந்திரம்" என்று குறிப்பிடுவதுண்டு.

உற்பத்தி நின்ற பின்னரும் இவ்வெந்திரம் பொருத்திய பல இலட்சம் வண்டிகள் நாடெங்கும் ஓடுகின்றன. அவற்றுள் பெரும்பாலானவை இன்று இரண்டாம் அல்லது மூன்றாம் உரிமையாளரிடம் உள்ளன. பழைய வண்டியில் எந்திரம் ஒருமுறை பழுதானால், அதைச் சீர்செய்யும் செலவு வண்டியின் சந்தை மதிப்பையே எட்டிவிடக்கூடும். எனவே இதன் நம்பகத்தன்மையும் பராமரிப்பும் உரிமையாளர்களுக்கு முதன்மையானவை. இவ்வெந்திரத்தின் ஆயுள் ஓடிய தூரத்தைக் காட்டிலும் மசகெண்ணெயின் நிலையையே பெரிதும் சார்ந்துள்ளது. கடலூர், சிதம்பரம் போன்ற கடலோர, வெள்ளம் சூழும் பகுதிகளில் உப்புக் காற்றும் நீரும் கூடுதல் காரணிகளாகின்றன. இப்பகுதிகளின் சூழல் இக்கட்டுரையில் எடுத்துக்காட்டாகக் கொள்ளப்படுகின்றது.

அடிப்படைத் தரவுகள்

- வகை: நேரடித் தூவல் டீசல், டர்போ ஊட்டம்
- உருளைகள்: 4, நேர்வரிசை
- கொள்ளளவு: 1,248 கன செ.மீ.
- உருளை விட்டம்: 69.6 மி.மீ.
- வீச்சு: 82 மி.மீ.
- வால்வுகள்: 16, இரட்டைக் கேம் தண்டு
- கேம் தண்டு இயக்கம்: சங்கிலி
- உருளைக் கட்டை: வார்ப்பிரும்பு
- உருளைத் தலை: அலுமினியக் கலப்புலோகம்
- எரிபொருள் முறை: காமன் ரெயில்
- திறன்: மாருதி சுவிப்டில் 75 குதிரைத்திறன், 190 நியூட்டன் மீட்டர் முறுக்கு விசை, மாறுவடிவ டர்போ கொண்ட வகையில் 90 குதிரைத்திறன், 200 நியூட்டன் மீட்டர்

வரலாறு

ஐரோப்பாவில்

டீசல் எந்திரங்களில் எரிபொருளை மிகை அழுத்தத்தில் ஒரு பொதுக் குழாயில் சேமித்து, அங்கிருந்து எல்லா உருளைகளுக்கும் பகிர்ந்தளிக்கும் முறை காமன் ரெயில் எனப்படுகின்றது. மகிழுந்துகளுக்கு ஏற்றவாறு இம்முறையை வளர்த்தெடுத்ததில் பியட்டின் ஆய்வு மையத்துக்கும் மாக்னெட்டி மரெல்லி நிறுவனத்துக்கும் பெரும்பங்கு உண்டு. பின்னர் செருமனியின் பாசு நிறுவனம் இதனைத் தொழில்முறை உற்பத்திக்குக் கொண்டுவந்தது. 1997 இல் வெளியான ஆல்பா ரோமியோ 156, இம்முறையைக் கொண்ட முதல் மகிழுந்துகளுள் ஒன்று.

2000 ஆம் ஆண்டில் பியட்டும் ஜெனரல் மோட்டார்சும் எந்திர உற்பத்தியில் கூட்டுச் சேர்ந்தன. இக்கூட்டு 2005 இல் முடிவுற்றது. இடைப்பட்ட காலத்தில் உருவானதே 1.3 மல்டிஜெட் ஆகும். போலந்தின் பியெல்ஸ்கோ-பியாவா நகரில் உள்ள ஆலையில் இதன் உற்பத்தி 2003 இல் தொடங்கியது. ஏறத்தாழ 130 கிலோகிராம் எடையே உடைய இவ்வெந்திரம் அக்கால டீசல் எந்திரங்களுள் மிகச் சிறியவற்றுள் ஒன்றாக இருந்தது. 2005 ஆம் ஆண்டின் அனைத்துலகச் சிறந்த எந்திர விருதுகளில் 1 முதல் 1.4 லிட்டர் வரையிலான பிரிவில் இது பரிசு பெற்றது.

இந்தியாவில்

இந்தியச் சிறு மகிழுந்துகளில் டீசல் அதற்கு முன்பே இருந்தது. 1998 இல் அறிமுகமான டாட்டா இண்டிகாவின் டீசல் வகை பரவலாக விற்றது. எனினும் அதன் தொடக்க கால எந்திரத்தில் டர்போ கிடையாது. 2007 சனவரியில் மாருதி சுவிப்டின் டீசல் வகை, டிடிஐஎஸ் என்னும் பெயரில், 1.3 மல்டிஜெட்டுடன் வெளிவந்தது. இதற்கான எந்திரங்கள் அரியானாவின் மானேசரில் தயாராயின. மகாராட்டிரத்தின் புனே நகருக்கு அருகில் உள்ள இரஞ்சன்காவில், பியட்டும் டாட்டாவும் இணைந்து நடத்திய ஆலையிலும் இது தயாரிக்கப்பட்டது. டாட்டா இதற்குக் குவாட்ராஜெட் என்று பெயரிட்டது.

இதனைத் தொடர்ந்து சுவிப்ட் டிசையர் (2008), டாட்டா இண்டிகா விஸ்டா (2008), பியட் லினியா, பியட் கிராண்டே புண்ட்டோ, மாருதி ரிட்ஸ், டாட்டா மான்சா (2009), மாருதி எஸ்எக்ஸ்4 டீசல் (2011), எர்டிகா (2012), சியாஸ் (2014), விட்டாரா பிரெசா (2016) முதலிய வண்டிகளில் இவ்வெந்திரம் இடம்பெற்றது.

2010 சூனில் பெட்ரோல் விலைக் கட்டுப்பாடு நீக்கப்பட்டது. டீசல் விலைக் கட்டுப்பாடு 2014 அக்டோபர் வரை நீடித்தது. இடைப்பட்ட நான்கு ஆண்டுகளில் இரு எரிபொருள்களின் விலை இடைவெளி விரிந்தமையால் டீசல் மகிழுந்துகளுக்கான தேவை மிகுந்தது. இன்று பழைய வண்டிச் சந்தையில் காணப்படும் மல்டிஜெட் வண்டிகளில் பல இக்காலத்தைச் சேர்ந்தவை. 2011 டிசம்பரில், இணைப்புத் தண்டின் மரையாணிகளைச் சோதிப்பதற்காக 13,157 டீசல் வண்டிகளை மாருதி சுசுகி திரும்ப அழைத்தது. இவை அவ்வாண்டு நவம்பர் நடுப்பகுதி முதல் டிசம்பர் தொடக்கம் வரை தயாரானவை.

2020 ஏப்ரல் 1 முதல் பாரத் ஸ்டேஜ் 6 மாசுக் கட்டுப்பாட்டு விதிகள் நடைமுறைக்கு வந்தன. சிறிய டீசல் எந்திரத்தை அவ்விதிகளுக்கு ஏற்ப மாற்றும் செலவு மிகுதி என்பதால் மாருதி சுசுகி டீசல் வண்டிகளைக் கைவிட்டது. அத்துடன் இந்தியச் சந்தையில் 1.3 மல்டிஜெட்டின் காலம் முடிவுற்றது.

அமைப்பும் இயக்கமும்

எரிபொருள் ஊட்டம்

டீசல் எந்திரத்தில் தீப்பொறிச் செருகி இல்லை. உருளைக்குள் காற்று மட்டும் அமுக்கப்பட்டு, அதனால் உண்டாகும் வெப்பத்தில் டீசல் தானாகப் பற்றிக்கொள்கின்றது. மல்டிஜெட்டில் டீசல் ஏறத்தாழ 1,400 பார் அழுத்தத்தில் பொதுக் குழாயில் தேக்கப்படுகின்றது. மின்காந்த இன்செக்டர்கள், மின்னணுக் கட்டுப்பாட்டகத்தின் ஆணைப்படி, அதனை ஒரே சுழற்சியில் பல சிறு பகுதிகளாகப் பிரித்துத் தூவுகின்றன. மல்டிஜெட் என்னும் பெயர் இப்பன்முறைத் தூவலையே குறிக்கின்றது. முதலில் தூவப்படும் சிறு துளி எரிதலை மெதுவாகத் தொடக்கி வைப்பதால், பழைய டீசல் எந்திரங்களுக்குரிய தடதடப்பு குறைகின்றது.

இன்செக்டரின் உட்பகுதிகள் மிக நுண்ணிய இடைவெளிகளுடன் கடையப்பட்டவை. அவற்றுக்கு மசகாக அமைவது டீசலே. எனவே டீசலில் நீரோ தூசியோ கலந்தால் உயரழுத்தப் பம்பும் இன்செக்டர்களும் முதலில் பழுதாகின்றன.

டர்போ ஊட்டி

வெளியேறும் புகையின் ஆற்றலால் சுழலும் ஒரு சிறு சக்கரம், அதே தண்டின் மறுமுனையில் உள்ள சக்கரத்தைச் சுழற்றிக் காற்றை அழுத்தி உருளைகளுக்குள் செலுத்துகின்றது. இத்தண்டு நிமிடத்துக்கு ஓர் இலட்சத்துக்கும் மேற்பட்ட சுற்றுகள் சுழலக்கூடியது. அது உருண்டைத் தாங்கிகளின் மேல் இல்லாமல் ஓர் எண்ணெய்ப் படலத்தின் மேல் மிதந்தவாறு சுழல்கின்றது. அந்தப் படலத்துக்கான எண்ணெய் எந்திரத்தின் மசகெண்ணெயில் இருந்தே வருகின்றது. எண்ணெய் தாமதமாக வந்தாலும் கசடு கலந்து வந்தாலும் தாங்கி தேய்கின்றது.

டைமிங் சங்கிலி

கிராங்க் தண்டின் சுழற்சியைக் கேம் தண்டுகளுக்குக் கடத்துவது ஓர் உலோகச் சங்கிலி. இரப்பர் பட்டை கொண்ட எந்திரங்களில் குறிப்பிட்ட தூரத்துக்கு ஒருமுறை பட்டையை மாற்ற வேண்டும். இங்கு அத்தகைய கட்டாயம் இல்லை. சங்கிலி அமைப்பு 2,50,000 கி.மீ. வரை பராமரிப்பின்றி உழைக்குமாறு வடிவமைக்கப்பட்டதாகப் பியட் அறிமுகக் காலத்தில் அறிவித்தது. ஆயினும் சங்கிலியின் இணைப்புகளுக்கு மசகிடுவதும், அதன் தொய்வை எடுக்கும் இழுவைக் கருவியைத் தள்ளி நிறுத்துவதும் மசகெண்ணெயே. வால்வு இடைவெளியைச் சரிசெய்யும் நீரழுத்தக் கருவிகளும் அதே எண்ணெயால் இயங்குகின்றன.

நம்பகத்தன்மை

மசகெண்ணெயின் இடம்

மேற்கூறிய மூன்று உறுப்புகளும், அதாவது டர்போ தாங்கி, டைமிங் சங்கிலி, வால்வுக் கருவிகள் ஆகியவை, ஏறத்தாழ 3 லிட்டர் எண்ணெயை நம்பியுள்ளன. டீசல் எரிதலில் உண்டாகும் நுண் கரி இவ்வெண்ணெயில் கலந்துகொண்டே இருக்கும். எண்ணெய் சிறிதளவே இருப்பதால் அது விரைவில் கரியால் நிறைகின்றது. புதிய எண்ணெய் ஊற்றிய சில நாட்களிலேயே அது கருப்பாவது டீசல் எந்திரத்தில் இயல்பே. ஆனால் அது கெட்டியாகிக் கசடாகும் வரை விடுவதே கேடு.

இந்திய வண்டிகளுக்கான சேவை அட்டவணைகளில் 10,000 கி.மீ. அல்லது ஓராண்டு, இவற்றுள் எது முந்துகின்றதோ அது, எண்ணெய் மாற்றத்துக்குரிய வழக்கமான இடைவெளி ஆகும். ஆயினும் தூரமானி எந்திரத்தின் உழைப்பை முழுமையாகக் காட்டுவதில்லை. இதனைப் பின்வரும் கணக்கால் அறியலாம்.

எந்திரம் சராசரியாக நிமிடத்துக்கு 1,500 சுற்றுகள் சுழல்வதாகக் கொள்வோம். கடலூருக்கும் சிதம்பரத்துக்கும் இடையே நெடுஞ்சாலையில் சராசரியாக மணிக்கு 40 கி.மீ. வேகத்தில் ஓடும் வண்டி 10,000 கி.மீ. கடக்க 250 மணி நேரம் ஆகின்றது. அதற்குள் எந்திரம் 2.25 கோடிச் சுற்றுகள் சுழல்கின்றது. சிதம்பரத்தின் கீழ வீதி, மேல வீதி போன்ற நெரிசலான தெருக்களிலேயே மணிக்கு 20 கி.மீ. சராசரியில் ஓடும் வண்டிக்கு அதே தூரம் 500 மணி நேரத்தைக் கொள்கின்றது. சுற்றுகளோ 4.5 கோடி. கோயில் வாயிலிலும் மருத்துவமனை வாயிலிலும் குளிரூட்டியை இயக்கியபடி காத்து நிற்கும் வாடகை வண்டிகளின் எந்திரம், தூரமானி சிறிதும் நகராத நேரத்திலும் உழைத்துக்கொண்டே இருக்கின்றது. எனவே நகருக்குள் ஓடும் வண்டிகளுக்கு 5,000 முதல் 7,500 கி.மீ. வரையிலான இடைவெளியில் எண்ணெய் மாற்றுவது பொருத்தமானது. ஒருமுறை எண்ணெயும் வடிகட்டியும் மாற்றும் செலவு, டர்போவையோ சங்கிலியையோ மாற்றும் செலவில் மிகச் சிறு பகுதியே ஆகும்.

வழக்கமான பழுதுகள்

டைமிங் சங்கிலித் தொய்வு: காலையில் முதன்முறை முடுக்கும்போது எந்திரத்தின் முன்புறத்தில் சில நொடிகள் சங்கிலி உரசும் ஓசை கேட்கும். நாளடைவில் கிராங்க் தண்டுக்கும் கேம் தண்டுக்கும் இடையிலான ஒத்திசைவு தவறி, எச்சரிக்கை விளக்கு எரியும். வண்டி கிளம்பத் தாமதமாகும். சங்கிலி பற்களைத் தாண்டினால் வால்வுகளும் பிஸ்டன்களும் மோதி எந்திரம் பெருஞ்சேதம் அடையக்கூடும். ஓசை கேட்டவுடன் சங்கிலி, இழுவைக் கருவி, வழிகாட்டிப் பட்டைகள், பற்சக்கரங்கள் ஆகியவற்றைத் தொகுதியாக மாற்றுவது வழக்கம்.

ஈஜிஆர் வால்வு அடைப்பு: நைதரசன் ஆக்சைடுகளைக் குறைப்பதற்காக, வெளியேறும் புகையின் ஒரு பகுதியை மீண்டும் உருளைகளுக்குள் அனுப்பும் வால்வு இது. புகைக்கரியும் எண்ணெய் ஆவியும் சேர்ந்து இதன் வாயிலிலும் காற்று உட்புகும் குழாயிலும் கெட்டியாகப் படிகின்றன. இழுவை குறைதல், கரும்புகை, நிறுத்தத்தில் சீரற்ற ஓட்டம் ஆகியவை அறிகுறிகள். கழற்றித் தூய்மை செய்தால் பெரும்பாலும் சரியாகின்றது.

இன்செக்டர் அடிவளையக் கசிவு: இன்செக்டரின் அடியில் உள்ள செப்பு வளையம் தேய்ந்தால், எரிந்த வளிமம் மேலே கசிந்து கரிய தார் போல் உறைகின்றது. புசுபுசுவென்ற ஓசையும் டீசல் புகை நாற்றமும் இதனைக் காட்டும். காலம் தாழ்த்தினால் இன்செக்டரை வெளியே எடுப்பதே கடினமாகிவிடும்.

டர்போ தேய்வு: சங்கு ஊதுவது போன்ற ஓசை, நீலப்புகை, எண்ணெய் அளவு குறைதல் ஆகியவை அறிகுறிகள். டர்போவை மாற்றும்போது அதற்கு எண்ணெய் வரும் குழாயையும் தூய்மை செய்யவோ மாற்றவோ வேண்டும். அதில் அடைப்பு எஞ்சினால் புதிய டர்போவும் விரைவில் கெடும்.

புகையின் நிறம்

- கரும்புகை: எரிபொருளுக்கு ஏற்ற காற்று இல்லை. காற்று வடிகட்டி, டர்போக் குழாய்கள், ஈஜிஆர், இன்செக்டர் ஆகியவற்றைச் சோதிக்க வேண்டும்.
- நீலப்புகை: மசகெண்ணெய் எரிகின்றது. டர்போ, பிஸ்டன் வளையங்கள், வால்வு அடைப்பான்கள் ஐயத்துக்கு உரியவை.
- தொடர்ந்த வெண்புகை: எரியாத டீசல் அல்லது உருளைக்குள் கசியும் குளிர்விப்பு நீர்மம்.

கடலூர், சிதம்பரம் வட்டாரச் சூழல்

உப்புக் காற்று

கடலூர் முதுநகர், தேவனாம்பட்டினம், பரங்கிப்பேட்டை ஆகியவை கடலை ஒட்டிய பகுதிகள். சிதம்பரமும் கடலில் இருந்து தொலைவில் இல்லை. கடற்காற்றில் உள்ள உப்புத் துகள்கள் ஈரத்துடன் சேர்ந்து இரும்பையும் அலுமினியத்தையும் அரிக்கின்றன. எந்திரத்தைப் பொறுத்தவரை மூன்று இடங்கள் கவனத்துக்கு உரியவை. முதலாவது ரேடியேட்டரின் மெல்லிய தகடுகள். இவை பொடிந்து உதிர்ந்தால் வெப்பம் வெளியேறுவது குறையும். இரண்டாவது எண்ணெய்த் தொட்டியின் அடிப்புறம். மூன்றாவது மின்கலத்தின் எதிர்முனைக் கம்பி வண்டியுடலுடன் இணையும் இடமும் உணரிகளின் செருகிகளும் ஆகும். மின்னணுக் கட்டுப்பாட்டில் இயங்கும் எந்திரத்தில் பச்சை பூத்த ஒரு செருகி கூட இன்செக்டர் பழுது போலவோ சங்கிலிப் பழுது போலவோ தோற்றமளிக்கக் கூடும். ஆகவே விலையுயர்ந்த உறுப்பை மாற்றுவதற்கு முன் செருகிகளையும் மின்னிணைப்புகளையும் சோதிப்பது நல்லது. ரேடியேட்டர் தகடுகளையும் வண்டியின் அடிப்புறத்தையும் அவ்வப்போது நன்னீரால் மெல்லக் கழுவுவது அரிப்பைக் குறைக்கும்.

குளிர்விப்பு நீர்மம்

கடலோர ஆழ்துளைக் கிணற்று நீரில் உப்புகள் மிகுந்திருக்கும். அவசரத்துக்கு என்று ரேடியேட்டரில் ஊற்றப்படும் இத்தகைய நீர் உள்ளே படிவுகளை உண்டாக்கி, அலுமினிய உருளைத் தலையையும் நீர்ப் பம்பையும் அரிக்கின்றது. உற்பத்தியாளர் குறிப்பிட்ட வகை கூலண்டும் காய்ச்சி வடித்த நீரும் கலந்த நீர்மமே ஏற்றது. வெப்பநிலைக் கட்டுப்பாட்டு வால்வின் நெகிழிக் கூடும் இரப்பர்க் குழாய்களும் ஆண்டுகள் செல்லச் செல்ல வெடிப்பதுண்டு. கூலண்ட் அளவு குறைந்துகொண்டே வந்தால் மீண்டும் மீண்டும் நிரப்பாமல் கசிவைக் கண்டறிதல் வேண்டும். எந்திரம் சூடாக இருக்கும்போது மூடியைத் திறக்கக் கூடாது.

எரிபொருள்

டீசலில் உள்ள கந்தகத்தின் மேல் வரம்பு பாரத் ஸ்டேஜ் 3 இல் பத்து இலட்சத்தில் 350 பங்காகவும், ஸ்டேஜ் 4 இல் 50 பங்காகவும், ஸ்டேஜ் 6 இல் 10 பங்காகவும் குறைக்கப்பட்டது. 2010 இல் சென்னை உள்ளிட்ட பெருநகரங்களில் ஸ்டேஜ் 4 எரிபொருள் அறிமுகமானது. நாடு முழுவதற்கும் அது 2017 இல் கட்டாயமாயிற்று. கந்தகம் எரிந்து உண்டாகும் அமிலங்கள் மசகெண்ணெயின் காரத் தன்மையைக் குறைப்பதால், தொடக்க ஆண்டுகளில் சிறு நகரங்களில் ஓடிய வண்டிகளின் எண்ணெய் விரைவாகத் தளர்ந்தது. இன்று கிடைக்கும் டீசலில் இச்சிக்கல் மிகவும் குறைந்துள்ளது.

மழைக்காலத்தில் டீசலில் நீர் கலப்பதே இன்றுள்ள சிக்கல். டீசல் வடிகட்டியின் அடியில் தேங்கும் நீரை மழைக்காலத்துக்கு முன்னும் பின்னும் வடித்துவிட வேண்டும். அதற்கான எச்சரிக்கை விளக்கு எரிந்தால் உடனே வண்டியை நிறுத்திப் பார்க்க வேண்டும். வெள்ளம் சூழ்ந்த எரிபொருள் நிலையத்தில், நிலத்தடித் தொட்டி சோதிக்கப்படும் வரை டீசல் நிரப்பாமல் இருப்பது பாதுகாப்பானது. தாவர எண்ணெயில் இருந்து பெறும் எரிபொருள்களைப் பற்றிய ஆய்வுகள் சிதம்பரம் அண்ணாமலைப் பல்கலைக்கழகம் உட்படப் பல இடங்களில் நடந்துள்ளன. ஆனால் ஆய்வுக்கூடத்தில் பதப்படுத்திய எரிபொருள் வேறு, வடிகட்டாத சமையல் எண்ணெய் வேறு. பின்னதைக் காமன் ரெயில் எந்திரத்தில் ஊற்றினால் பம்பும் இன்செக்டர்களும் பழுதாகும்.

வெள்ளம்

தென்பெண்ணை, கெடிலம், பரவனாறு, வெள்ளாறு, கொள்ளிடம் ஆகியவை கடலூர் மாவட்டத்தின் வழியாகவோ எல்லையிலோ ஓடிக் கடலில் கலக்கின்றன. ஆறுகளின் கடைமடையாக அமைந்தமையால் வடகிழக்குப் பருவமழையில் இம்மாவட்டம் அடிக்கடி நீரில் மூழ்குகின்றது. 2015 நவம்பர் 9, 10 நாட்களில் நெய்வேலியில் 48 செ.மீ. அளவுக்கு மழை பெய்தது. மாவட்டத்தின் பெரும்பகுதி வெள்ளத்தில் ஆழ்ந்தது. 2024 நவம்பர் 30 அன்று பெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்த பின், தென்பெண்ணையில் பெருகிய வெள்ளம் கடலூரின் கரையோரக் குடியிருப்புகளில் புகுந்தது.

நீர் சூழ்ந்த வண்டியில் எந்திரம் பெரும்பாலும் வெள்ளத்தால் மட்டும் கெடுவதில்லை. உள்ளே நீர் இருக்கும்போது முடுக்குவதாலேயே கெடுகின்றது. இதன் காரணம் அமுக்க விகிதத்தில் உள்ளது. 1.3 மல்டிஜெட்டின் ஓர் உருளையின் கொள்ளளவு 312 கன செ.மீ. சுவிப்ட் வகையில் அமுக்க விகிதம் 17.6:1. அதாவது பிஸ்டன் மேல்முனையை அடையும்போது அதன் தலைக்கு மேல் எஞ்சும் இடம் ஏறத்தாழ 19 கன செ.மீ. மட்டுமே. இது நான்கு தேக்கரண்டி அளவு. காற்றை அமுக்கலாம், நீரை அமுக்க முடியாது. நான்கு தேக்கரண்டிக்கு மேல் நீர் புகுந்த உருளையில் பிஸ்டன் மேலேற இயலாமல் இணைப்புத் தண்டு வளைகின்றது. சில வேளை உடைந்து உருளைக் கட்டையைத் துளைக்கின்றது. பெட்ரோல் எந்திரங்களின் அமுக்க விகிதம் குறைவு என்பதால் அவற்றில் எஞ்சும் இடம் சற்றுக் கூடுதல்.

வண்டி நீரில் நின்றிருந்தால் பின்வரும் வரிசையைப் பின்பற்றுதல் வேண்டும்.

1. சாவியைத் திருப்பக் கூடாது. மின்கலத்தின் எதிர்முனைக் கம்பியைக் கழற்ற வேண்டும்.
2. வண்டியைத் தள்ளியோ ஏற்றியோ கொண்டுசெல்ல வேண்டும். பல்லிணையில் வைத்து இழுத்துக் கிளப்ப முயலக் கூடாது.
3. காற்று வடிகட்டிப் பெட்டியைத் திறந்து பார்க்க வேண்டும். வடிகட்டி நனைந்திருந்தால் உருளைக்குள் நீர் புகுந்திருக்கக் கூடும்.
4. எண்ணெய் அளவுக் கோலைப் பார்க்க வேண்டும். எண்ணெய் மோர் நிறமாகவோ அளவு கூடியோ இருந்தால் நீர் கலந்துள்ளது.
5. இன்செக்டர்களை அல்லது வெப்பச் செருகிகளைக் கழற்றி, கிராங்க் தண்டைக் கையால் சுழற்றி நீரை வெளியேற்ற வேண்டும்.
6. மசகெண்ணெய், வடிகட்டிகள், பல்லிணைப்பெட்டி எண்ணெய் ஆகியவற்றை மாற்றி, டீசல் தொட்டியைச் சோதித்த பின்னரே முடுக்க வேண்டும்.

விரிவான காப்பீடு பொதுவாக வெள்ளச் சேதத்தை ஏற்கின்றது. ஆனால் நீர் புகுந்த பின் முடுக்கியதால் உண்டாகும் எந்திரச் சேதம், விளைவுச் சேதம் என்று கருதப்பட்டுப் பெரும்பாலும் மறுக்கப்படுகின்றது. அதற்கெனத் தனியாக எந்திரப் பாதுகாப்புக் காப்பீடு உண்டு. பழைய வண்டிகளுக்குப் பல காப்பீட்டு நிறுவனங்கள் அதனை வழங்குவதில்லை. எனவே பழைய மல்டிஜெட் வண்டியின் உரிமையாளருக்கு, சாவியைத் திருப்பாமல் இருப்பதே பெரிய பாதுகாப்பு ஆகும்.

பராமரிப்பு

ஓட்டும் முறை

முடுக்கியவுடன் அரை நிமிடமாவது விசையைக் கூட்டாமல் விட்டால் எண்ணெய் டர்போவையும் சங்கிலியையும் சென்றடையும். நெடுந்தூரம் வேகமாக ஓடி வந்து நிற்கும்போது உடனே அணைக்காமல் ஒன்றிரண்டு நிமிடங்கள் மெதுவாக ஓடவிட வேண்டும். உடனே அணைத்தால் சூடான டர்போத் தாங்கியில் நின்றுவிடும் எண்ணெய் கருகிப் படிகின்றது. எப்போதும் குறைந்த சுழற்சியிலேயே ஓட்டினால் கரி சேரும். எந்திரம் சூடான பின் அவ்வப்போது நெடுஞ்சாலையில் நடுத்தரச் சுழற்சியில் ஓட்டுவது நல்லது. ஏறத்தாழ 1,800 சுற்றுகளுக்குக் கீழே டர்போவின் உதவி குறைவு. அந்நிலையில் உயர்ந்த பல்லிணையில் முழு விசை கொடுப்பது கிளட்சுக்கும் தாங்கிகளுக்கும் சுமையாகும்.

பரிந்துரைக்கப்படும் இடைவெளிகள்

- வாரம் ஒருமுறை: மசகெண்ணெய், கூலண்ட் அளவு
- நகர ஓட்டத்தில் 5,000 முதல் 7,500 கி.மீ., நெடுஞ்சாலையில் 10,000 கி.மீ. அல்லது ஓராண்டு: மசகெண்ணெயும் எண்ணெய் வடிகட்டியும்
- ஒவ்வொரு எண்ணெய் மாற்றத்தின்போதும்: காற்று வடிகட்டித் தூய்மை, டர்போக் குழாய் இணைப்புகள்
- மழைக்காலத்துக்கு முன்னும் பின்னும்: டீசல் வடிகட்டியின் நீர் வடிப்பு, மின்னிணைப்புகள்
- 20,000 முதல் 30,000 கி.மீ.: டீசல் வடிகட்டி
- 40,000 முதல் 50,000 கி.மீ.: ஈஜிஆர் வால்வுச் சோதனை, கூலண்ட்
- 1,00,000 கி.மீ. கடந்த பின்: இன்செக்டர் பின்னொழுக்குச் சோதனை, அடிவளையங்கள், சங்கிலி ஓசை

எண்ணெயின் தரமும் கனமும் அந்தந்த வண்டியின் கையேட்டில் உள்ளபடி இருத்தல் வேண்டும்.

பழைய வண்டியை மதிப்பிடல்

இரண்டாம் கையாக வாங்குவோர் தூரமானியை மட்டும் நம்புதல் தகாது. எண்ணெய் மாற்றிய நாட்கள் பதிவான சேவைச் சீட்டுகளே சிறந்த சான்று. 2,00,000 கி.மீ. ஓடி முறையாக எண்ணெய் மாற்றப்பட்ட வண்டி, 80,000 கி.மீ. ஓடிச் சேவைக் குறிப்பு இல்லாத வண்டியை விட நம்பத்தக்கதாக இருக்கலாம். வண்டியை இரவு முழுவதும் குளிரவிட்டுக் காலையில் முடுக்கச் செய்து கேட்டால் சங்கிலியின் நிலை தெரியும். எந்திரம் ஓடும்போது எண்ணெய் ஊற்றும் மூடியைத் திறந்தால் வேகமாகப் புகை வெளிவருவது பிஸ்டன் வளையத் தேய்வைக் காட்டும். மூடியின் உட்புறத்தில் கரிய கசடு தடிமனாகப் படிந்திருந்தால் எண்ணெய் மாற்றம் தவறியுள்ளது எனலாம். கடலூர் மாவட்ட வண்டிகளில் இருக்கைகளின் அடித் தண்டவாளங்கள், இருக்கைப்பட்டையின் முழு நீளம், மாற்றுச் சக்கரம் வைக்கும் குழி ஆகியவற்றில் வண்டலும் துருவும் உள்ளனவா எனப் பார்த்து வெள்ளத்தில் மூழ்கிய வண்டியை இனங்காணலாம்.

உற்பத்தி நிறுத்தத்துக்குப் பின்

வண்டிகளின் எண்ணிக்கை மிகுதி என்பதால் வடிகட்டிகள், சங்கிலித் தொகுதி, கிளட்சு, டர்போ முதலிய உதிரிகள் தொடர்ந்து கிடைக்கின்றன. பல நிறுவனங்களின் வண்டிகளுக்கு அடிப்படை எந்திரம் ஒன்றே. ஆயினும் ஆண்டுக்கும் வகைக்கும் ஏற்பச் சில உறுப்புகள் வேறுபடுவதால் உதிரி எண்ணைச் சரிபார்த்தல் இன்றியமையாதது.

மோட்டார் வாகனச் சட்டம் 1988 இன்படி தனியார் மகிழுந்தின் பதிவு 15 ஆண்டுகள் செல்லும். அதன் பின் தகுதிச் சோதனைக்குப் பிறகு 5 ஆண்டுகளுக்கு ஒருமுறை புதுப்பிக்கலாம். முதல் டீசல் சுவிப்டுகள் 2022 இல் இவ்வெல்லையை எட்டின. தில்லித் தலைநகர வட்டாரத்தில் 10 ஆண்டு கடந்த டீசல் வண்டிகளுக்கு 2015 இல் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் விதித்த தடை தமிழ்நாட்டுக்குப் பொருந்தாது. இங்கு வண்டியின் எஞ்சிய ஆயுளை அதன் தகுதியும் புகைச் சோதனையின் முடிவுமே தீர்மானிக்கின்றன. ஈஜிஆரும் இன்செக்டர்களும் நல்ல நிலையில் உள்ள எந்திரம் புகைச் சோதனையில் தேறுவது எளிது.

இவற்றையும் பார்க்க

- டீசல் எந்திரம்
- டர்போ ஊட்டி
- காமன் ரெயில்
- மாருதி சுவிப்ட்
- பாரத் ஸ்டேஜ் மாசுக் கட்டுப்பாட்டு விதிகள்
- கடலூர் மாவட்டம்